மேலே இருப்பவர் உறுமினால், கீழே இருப்பவருக்கு பி.பி.!

சாயங்காலம் ஆறரை மணி. வாசலில் வண்டிச் சத்தம். கேட் திறக்கிற ஓசை.

உடனே வீட்டுக்குள் ஒரு மாற்றம்! டி.வி.யின் சத்தம் குறைகிறது. பையன் பாடப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறான். "அப்பா மூஞ்சி எப்படி இருக்குன்னு பாருடி" என்று சமையலறையிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். செருப்பைக் கழற்றிப் போடுகிற விதத்தை வைத்தே அன்றைய வானிலை அறிக்கையை வாசித்துவிடுகிறாள் பெண்.

சில வீடுகளில் இது அப்பா. சில வீடுகளில் பாட்டி. சம்பாதிக்கிற மூத்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஆபீஸ் என்றால் மேனேஜர். ஆள்தான் மாறுகிறதே தவிர காட்சி ஒன்றுதான். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் எல்லாரும் மூச்சை அளந்து விடுகிறார்கள்.

"குடும்பம்னா தலைவர்னு ஒருத்தர் வேணாமா? பயம் இருந்தாத்தானே ஒழுங்கு இருக்கும்?" என்பீர்கள். தலைவர் வேண்டும்தான், மறுக்கவில்லை. பயமும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் ரத்தமும் இதயமும் என்ன பதில் வைத்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்கு!

1978-ம் வருஷம். ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க இளைஞர், வயது இருபத்தொன்று, மசாய் மாரா காட்டுப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். கையில் ஒரு ஊதுகுழாய். அதற்குள் மயக்க மருந்து தடவிய ஊசி. பபூன் குரங்குகள் அசந்திருக்கும் நேரம் பார்த்துப் 'பூ' என்று ஊதி மயக்கமடையச் செய்து, ரத்தம் எடுத்துச் சோதிப்பது அவர் வேலை. பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிறகும், வருஷா வருஷம் அதே காட்டுக்குப் போய் அதே வேலையைச் செய்தார். இருபது வருஷத்துக்கும் மேல்!

கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கிறதே தவிர, படு சிரமமான வேலை. ஊசி வருவது குரங்குக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பயத்தில் ரத்தத்தின் லட்சணமே மாறிவிடும். அன்றைக்கு அது யாருடனும் சண்டை போட்டிருக்கக் கூடாது. எல்லாக் குரங்குக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு குரங்குக்காக நாள் கணக்கில் காத்துக் கிடப்பாராம் மனிதர்.

எத்தனையோ பிராணிகள் இருக்க, பபூன் எதற்கு? காரணம் இருக்கிறது. அந்தக் காட்டில் பபூன்களுக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் கிடையாது. தினம் மூன்று, நான்கு மணி நேரம் மேய்ந்தால் வயிறு நிறைந்துவிடும். சிங்கம், சிறுத்தைத் தொல்லையும் குறைவு. மீதிப் பொழுது முழுக்க என்ன செய்யும்? ஒன்றையொன்று பாடாய்ப் படுத்தும்! வயிற்றுக்குப் பஞ்சமில்லை, வாசலில் புலியில்லை, ஆனால் கூட இருப்பவர்களால் நிம்மதி இல்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

பபூன் கூட்டத்தில், முக்கியமாக ஆண்களிடையே, ஒரு ஏணி உண்டு. முதல் படியில் இருப்பவன் வந்தால் இரண்டாவது படிக்காரன் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டாமவன் வந்தால் மூன்றாமவன். இப்படியே கடைசிப் படி வரைக்கும். இந்த ஏணி ஏன் வந்தது? கூட்டமாக இருந்தால்தான் எதிரியிடமிருந்து தப்பிக்கலாம். ஆனால் கூட்டமாக இருந்தால் ஒவ்வொரு பழத்துக்கும் சண்டை வரும். தினம் கோரைப்பல்லால் கிழித்துக்கொண்டிருந்தால் கூட்டமே மிஞ்சாது. 'யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது' என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் முக்கால்வாசிச் சண்டை முகத்தைப் பார்த்ததுமே முடிந்துபோகும். அப்படி முகம் பார்த்து ஒதுங்கத் தெரிந்தவை பிழைத்தன, குட்டி போட்டன. அந்த வழியில்தான் நாமும் வந்திருக்கிறோம். செருப்புச் சத்தத்தை வைத்து அப்பாவின் மூடைக் கணிக்கிற உங்கள் பெண்ணின் சாமர்த்தியம் கோடிக்கணக்கான வருஷத்துப் பழசு!

ஏணியால் சண்டை குறைகிறது, வாஸ்தவம். ஆனால் அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். யார் என்பதைத்தான் சபோல்ஸ்கியின் ரத்தப் பரிசோதனைகள் காட்டின.

இங்கே கொஞ்சம் உடம்பு சமாச்சாரம். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலையை ஆரம்பிக்கின்றன. முதலில் அட்ரினலின், பின்னாலேயே கார்ட்டிஸால். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. பி.பி. எகிறுகிறது. ஜீரணம், உடல் வளர்ச்சி போன்ற 'அப்புறம் பார்த்துக்கலாம்' வேலைகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. சிங்கம் துரத்தும்போது இது அருமையான ஏற்பாடு. ஐந்து நிமிஷத்தில் ஒன்று நீங்கள் மரத்தின் மேல் இருப்பீர்கள், இல்லையென்றால் சிங்கத்தின் வயிற்றில். எப்படியும் விவகாரம் முடிந்துவிடும். ஆனால் சிங்கம் ஓடிப்போகாமல் தினம் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால்? கார்ட்டிஸால் இறங்கவே நேரம் கிடைக்காது. வருஷக்கணக்கில் அப்படியே நீடித்தால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, அடிக்கடி சளி, காய்ச்சல், தூக்கக் கோளாறு, ஞாபக மறதி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

(வயிற்றுப்புண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 1982-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இருவர் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பிறகு கதை மாறிவிட்டது. புண் வருவதற்குப் பெரும்பாலும் அந்தக் கிருமியோ சில வலி மாத்திரைகளோதான் காரணம். டென்ஷன் அதை ஆற விடாமல் செய்யலாம்.)

சரி, குரங்குகளின் ரத்தம் என்ன சொன்னது? ஏணியின் கீழ்ப்படியில் இருந்த ஆண்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கார்ட்டிஸால் அதிகம். பி.பி. அதிகம். எச்.டி.எல். என்கிறோமே, அந்த நல்ல கொழுப்பு குறைவு. கடித்துக் குதறப்பட்டதால் மட்டும் வந்த வினை அல்ல இது. 'எப்போது கடிப்பானோ' என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதால் வந்தது.

'அப்படியானால் மேலே இருப்பவன் பாடு ஜாலிதான்' என்று நினைக்காதீர்கள். ஏணி ஆட்டம் கண்டு, யார் பெரியவன் என்று போட்டி நடக்கும் காலங்களில், மேல்படிக்காரர்களுக்குத்தான் கார்ட்டிஸால் தலைக்கேறியது. கென்யாவிலேயே அம்போசெலி என்ற இடத்தில் வேறொரு குழு ஒன்பது வருஷம் 125 ஆண் பபூன்களைக் கவனித்தது. இவர்கள் ஊசி போடவில்லை. சாணத்தைச் சேகரித்து ஹார்மோன் அளந்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: முதலிடத்தில் இருந்தவனின் டென்ஷன் ஹார்மோன், இரண்டாம் இடத்தில் இருந்தவனைவிட ரொம்ப அதிகம். ஏறத்தாழக் கடைசிப் படிக்காரன் அளவுக்கு! நாற்காலியைப் பிடிப்பதைவிடப் பிடித்ததை விடாமல் வைத்திருப்பது பெரும்பாடு. உருட்டி மிரட்டிக் குடும்பம் நடத்தும் ஐயாவின் பி.பி.யும் ஏன் 160-ல் நிற்கிறது என்பதற்கு இதிலே ஒரு குறிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் சபோல்ஸ்கி கவனித்தார். சண்டையில் தோற்ற குரங்கு என்ன செய்யும்? திரும்பித் தனக்குக் கீழே உள்ளவனை அறையும். அவன் ஒரு குட்டியைத் துரத்துவான். குட்டி இன்னொரு சின்னக் குட்டியைக் கடிக்கும். இப்படிக் கோபத்தைக் கீழே தள்ளிவிடும் குரங்குக்கு டென்ஷன் ஹார்மோன் இறங்குகிறது என்பதுதான் இதிலே வேதனையான உண்மை. அதாவது, அறைந்தவனுக்கு ஆறுதல் நிஜமாகவே கிடைக்கிறது! 'ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி' என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆபீஸில் வாங்கியதை மனைவி மேல் இறக்கிவைத்தால் மனசு லேசாவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். பாரம் காணாமல் போகவில்லை. கை மாறிவிட்டது. கடைசியில் அது யூ.கே.ஜி. படிக்கிற குழந்தையின் முதுகில் போய் நிற்கிறது.

"குரங்கை வைத்து மனுஷனை எடை போடலாமா?" நியாயமான கேள்வி. மனுஷர்களையே எடுத்துக்கொள்வோம்.

லண்டனில் அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த தெரு ஒயிட்ஹால். 1967 முதல் அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களின் உடல்நிலையைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை. எல்லாருக்கும் இலவச வைத்தியம். யாரும் பட்டினி கிடையாது. இருந்தும், மைக்கேல் மார்மட் என்ற டாக்டரும் அவர் குழுவும் கணக்குப் பார்த்தபோது, உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட வாயில் காப்போர், தூது கொண்டுபோவோர் போன்ற கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பில் இறப்பது மூன்று மடங்குக்கும் அதிகம்! 'பீடி, சிகரெட்டா இருக்கும்' என்பீர்கள். சிகரெட், பி.பி., கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே இருந்தது. அதுவும் ஏழை, பணக்காரன் என்று இரண்டு துண்டாக இல்லை. ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்து ஒரு படி ஏறியது. 1985-ல் பெண்களையும் சேர்த்து மறுபடி ஆராய்ந்தார்கள். 'என் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை' என்றவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது.

ஆக, கேட்கிற இடத்தில் இருப்பதா, சொல்கிற இடத்தில் இருப்பதா என்பது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை. ரத்தக் குழாய்ப் பிரச்னை!

ஆனால் மனுஷனிடம் குரங்கிடம் இல்லாத ஒரு சங்கதி உண்டு. நம்மிடையே தலைவராவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன என்று 2001-ல் ஜோசப் ஹென்ரிக், பிரான்சிஸ்கோ கில்-ஒயிட் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதினார்கள். ஒன்று, பயமுறுத்தி மேலே போவது. இது பழைய குரங்கு வழி. மற்றது, மதிப்பால் மேலே போவது. வேட்டையோ வைத்தியமோ வீடு கட்டுவதோ, நன்றாகத் தெரிந்தவரிடம் போய்க் கற்றுக்கொண்டால்தான் மனுஷன் பிழைக்க முடியும். அதனால் தெரிந்தவரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு மரியாதை கொடுக்கும் புத்தி நமக்குள் வளர்ந்தது என்கிறார்கள். இரண்டையும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பயமுறுத்துகிறவர் வந்தால் எல்லாரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நகர்கிறார்கள். மதிக்கப்படுகிறவர் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள்? நாளைக்குக் கவனித்துப் பாருங்களேன்.

முரட்டுத் தலைவர்களை அடக்கி வைக்கவும் நம் முன்னோர்கள் வழி கண்டுபிடித்திருக்க வேண்டும். ரிச்சர்ட் லீ என்ற மானிடவியல் அறிஞர் 1960-களில் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில், வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களோடு தங்கியிருந்தார். கிறிஸ்துமஸுக்காக அவர்களுக்கு விருந்து வைக்க, கிடைத்ததிலேயே பெரிய, கொழுத்த மாட்டை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லாரும் "இந்த எலும்புக் கூட்டையா வாங்கினாய்? பசியோடுதான் படுக்கப் போகிறோம்" என்கிற ரீதியில் கேலி செய்தார்கள். நொந்து போய்விட்டார் மனுஷர். வெட்டிப் பார்த்தால் மாட்டின் உடம்பெல்லாம் கொழுப்பு! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு விளக்கம் கிடைத்தது. பெரிய வேட்டையோடு வருகிறவனை அவர்கள் எப்போதும் இப்படித்தான் மட்டம் தட்டுவார்களாம். இல்லாவிட்டால் அவனுக்குத் தலைக்கனம் ஏறி, மற்றவர்களை வேலைக்காரர்களாக நினைக்க ஆரம்பித்துவிடுவான் என்கிற பயம். கிறிஸ்டோபர் போம் என்பவர் 1993-ல் இதுபோன்ற பல சமுதாயங்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்து, மிரட்டுகிறவனைக் கீழே இருப்பவர்கள் கூட்டு சேர்ந்து அடக்குவது மனுஷ குலத்தின் பழைய வழக்கம் என்றார். வம்பு பேசுவது, கிண்டல் அடிப்பது, சொல்வதைக் கேளாமல் இருப்பது, விட்டுவிட்டுப் போய்விடுவது... இவைதான் ஆயுதங்கள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டு அப்பாவைக் கிண்டல் செய்தால் கோபப்படாதீர்கள் ஐயா. அது ஆரோக்கியமான வீட்டின் அடையாளம்!

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம். மறுபடி மசாய் மாராவுக்கு வாருங்கள்.

சபோல்ஸ்கி கவனித்து வந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் விடுதி. அதன் குப்பைக் குழியில் மிச்சம் மீதி உணவு ஏராளம். அந்த இடம் இன்னொரு பபூன் கூட்டத்தின் ராஜ்யம். இந்தக் கூட்டத்திலிருந்து ஏறத்தாழப் பாதி ஆண்கள் தினம் காலையில் அங்கே போய்ச் சண்டை போட்டுச் சாப்பிட்டு வருவார்கள். யார் போவார்கள்? முரடர்கள். காலை நேரத்தில் மற்ற குரங்குகளோடு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காதவர்கள். 1983-ல் குப்பைக்கு வந்த கெட்டுப்போன இறைச்சியால் காசநோய் பரவியது. அடுத்த மூன்று வருஷங்களில், அங்கே போய் வந்த முரடர்கள் அத்தனை பேரும் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள், பெண்களும் சாதுவான ஆண்களும்.

கூட்டத்தின் குணமே மாறிவிட்டது! ஏணி இருந்தது, தலைவனும் இருந்தான். ஆனால் தோற்றவனைத் துரத்தித் துரத்திக் கடிப்பதும், பெண்கள் மேல் எரிச்சலைக் காட்டுவதும் குறைந்தன. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்ப்பது கூடியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், கீழ்ப்படி ஆண்களிடம் வழக்கமாக இருக்க வேண்டிய டென்ஷன் அடையாளங்களைக் காணோம்.

இதுகூட ஆச்சரியமில்லை. முரடர்கள் போனார்கள், அமைதி வந்தது, அவ்வளவுதானே? ஆச்சரியம் பத்து வருஷம் கழித்து வந்தது. ஆண் பபூன்கள் வயசுக்கு வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். 1993 வாக்கில் பழைய சாதுக்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்த ஆண்கள் எல்லாரும் வெளியிலிருந்து, சாதாரண அடிதடிக் கூட்டங்களில் வளர்ந்து வந்தவர்கள். ஆனாலும் கூட்டம் அமைதியாகவே இருந்தது! சபோல்ஸ்கியும் அவர் மனைவி லிசா ஷேரும் 2004-ல் இதை எழுதினார்கள்.

எப்படி நடந்தது? யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்களுக்குக் கிடைத்த தடயம், புதிதாக வந்தவனைப் பெண்கள் நடத்திய விதம். மற்ற கூட்டங்களில் புதியவன் ஒரு பெண் தன்னிடம் வந்து பேன் பார்க்க இரண்டு மாதத்துக்கும் மேல் ஓரமாக நின்று அறை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே மூன்று வாரம் போதும். இந்தப் பெண்கள் நிம்மதியாக இருந்தார்கள், அதனால் புதியவனை நிம்மதியாக வரவேற்றார்கள். முரட்டுத்தனத்துக்கு அவசியமில்லை என்று கண்ட புதியவன் கொஞ்ச நாளில் அடங்கிப்போனான்.

ஒரே ஒரு கூட்டம், அதுவும் ஒரு விபத்தால் மாறியது. இதை வைத்துப் பெரிய சட்டம் எழுத முடியாது. ஆனால் "எங்க பரம்பரையே கோபக்காரப் பரம்பரைங்க, ரத்தத்துல ஊறினது" என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு இந்தக் குரங்குகளை அவசியம் காட்டலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? கோபமே கூடாது என்று உபதேசம் செய்யப் போவதில்லை. நடக்கிற காரியமாகச் சொல்கிறேன். எப்போது திட்டு விழும், எதற்கு விழும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1970-ஐ ஒட்டி ஜே வைஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், மின் அதிர்ச்சிக்கு முன்னால் எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளைவிட, ஒலி இல்லாமல் அதே அதிர்ச்சியை வாங்கிய எலிகளின் வயிற்றில்தான் அதிகப் புண். அதிர்ச்சி ஒரே அளவு. தெரியாமல் காத்திருந்ததுதான் கூடுதல். ஒரே தப்புக்கு நேற்று சிரித்துவிட்டு இன்றைக்கு அறைகிற அப்பாவைவிட, கண்டிப்பான அப்பா எவ்வளவோ மேல். ஆபீஸ் கோபத்தை இறக்க வேண்டுமா? தெருமுனைவரை ஒரு நடை நடந்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். கார்ட்டிஸால் ஓடத்தானே சொல்கிறது, காலை ஓட விடுங்கள். கீழ்ப்படியில் இருப்பவர் நீங்கள் என்றால், மனசு விட்டுப் பேச ஒரு ஆளாவது வைத்துக்கொள்ளுங்கள். பேன் பார்க்கக் கூட்டாளி இருந்த பபூன்களுக்கு டென்ஷன் ஹார்மோன் குறைவாகவே இருந்தது. ஆனால் அடி, உதை, உயிருக்குப் பயம் என்ற நிலை என்றால் அது தலைவர் சமாச்சாரம் அல்ல, குற்றம். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு 1098-ம் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அது பாட்டுக்கு அது நடக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொரு விஷயம். முடிவெடுக்கும் பொறுப்பு எல்லாவற்றையும் அன்பின் பேரிலேயே அவர்களிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மாடிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். ஒரு மாடியில், "இது உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதும் உங்கள் இஷ்டம்" என்று சொல்லப்பட்டது. இன்னொரு மாடியில், "செடிக்கு நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார்" என்று சொல்லப்பட்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, தானே தண்ணீர் ஊற்றிய மாடியில்தான் சுறுசுறுப்பும் சிரிப்பும் கூடியிருந்தன.

உங்கள் மாமனாரிடம் ஒரு துளசித் தொட்டியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் தண்ணீர் அதிகமாக ஊற்றினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.